ஆயிரத்து முப்பத்து மூன்று மனுக்கள்

திங்கட்கிழமை காலையில் எந்த மாவட்டத்தின் கலெக்டர் ஆபீசுக்குப் போனாலும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். காம்பவுண்டுச் சுவரோரம் மர நிழலில் ஒருவர் ஸ்டூலும் அட்டையுமாக உட்கார்ந்திருப்பார். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று எதைச் சொன்னாலும், 'பெறுநர், மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்' என்று தொடங்கி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். வரிசையில் நின்று கொடுத்தால் ஒரு சீட்டு கிடைக்கும். அந்தச் சீட்டை மஞ்சள் பையில் பத்திரப்படுத்தி, அடுத்த திங்களும் வருவார்கள். பழைய மனுக்களையெல்லாம் மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

தமிழில் இன்னொரு காகிதத்துக்கும் மனு என்றுதான் பெயர். தேர்தலில் நிற்பவர் கொடுப்பது வேட்புமனு. பெயர் ஒன்றாக இருந்தாலும் இதன் மரியாதை வேறு. மனுத்தாக்கல் நாட்களில் காலை 11 மணியிலிருந்து மதியம் 3 மணி வரை தேர்தல் நடத்தும் அலுவலர் நாற்காலியை விட்டு நகர முடியாது. வருகிறவர் கோட்டு போட்டிருந்தாலும் கோவணம் கட்டியிருந்தாலும் மனுவை வாங்கி, எண் போட்டு, நேரம் குறித்து, ரசீது தந்தே ஆகவேண்டும். 'அடுத்த வாரம் வாங்க' என்று சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது.

இந்த வித்தியாசத்தைக் கவனித்த ஊர் மொடக்குறிச்சி.

1996 தமிழகச் சட்டமன்றத் தேர்தலில், ஈரோட்டை அடுத்த இந்தத் தொகுதியில் இறுதி வேட்பாளர் பட்டியல் வெளியானபோது அதில் 1,033 பெயர்கள் இருந்தன. இந்தியாவில் எந்தத் தொகுதியிலும் அதற்கு முன்போ பின்போ இத்தனை பேர் நின்றதில்லை. கட்சி வேட்பாளர்களைக் கழித்துவிட்டால் பெரும்பாலோர் விவசாயிகள். தங்கள் கோரிக்கைகளை ஆள்வோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற கோபத்தில், விவசாயிகள் சங்கம் ஒன்றின் ஏற்பாட்டில் வரிசையாக வந்து மனுக் கொடுத்தவர்கள். எம்.எல்.ஏ. ஆகும் ஆசையில் வந்தவர்கள் அவர்களில் மிகச் சிலராகவே இருக்க முடியும்.

அந்த ஆண்டுத் தேர்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேறு கதைகளைத்தான் சொல்வார்கள். மூப்பனார் காங்கிரசை உடைத்துத் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கியது, சைக்கிள் சின்னம், ரஜினிகாந்தின் குரல், பர்கூரில் ஜெயலலிதா தோற்றது, 234 இடங்களில் அதிமுகவுக்கு நான்கே நான்கு கிடைத்தது. மே 13 அன்று கருணாநிதி மீண்டும் முதலமைச்சரானார். இந்தப் புயலுக்கு நடுவில் மொடக்குறிச்சியில் மட்டும் வாக்குப்பதிவே நடக்கவில்லை. ஆயிரம் பேருக்குச் சீட்டு அச்சடிக்க வேண்டுமே! தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனது. அதற்குள் கோட்டையில் ஆட்சி மாறி, அமைச்சர்கள் அறைகளில் பெயர்ப்பலகையும் மாறிவிட்டது.

மஞ்சள் காட்டுக் கோபம்

மொடக்குறிச்சிப் பக்கம் தண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஊர்களும் உண்டு, தண்ணீருக்காகவே வாழ்நாள் முழுக்க அலைந்த ஊர்களும் உண்டு. கிழக்கே காவிரி. அதையொட்டி 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காளிங்கராயன் வாய்க்கால். மேற்கே கீழ்பவானி வாய்க்கால். 1955-ல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையின் தண்ணீர் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்வது இதன் வழியாகத்தான். வாய்க்கால் எட்டாத மேட்டுக் காடுகளுக்குக் கிணறும் பம்புசெட்டும்தான் கதி. கரண்ட் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. ஆகவே கொங்கு நாட்டு விவசாயி மழையைப் பார்ப்பது போலவே மின்கட்டணத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த மண்ணில் விவசாயிகள் போராட்டம் 1996-ல் திடீரென்று முளைத்ததல்ல. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் தெருவுக்கு வந்தபோது பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் கட்டை வண்டிகளைப் பூட்டிக்கொண்டு கோவை நகருக்குள் நுழைந்து சாலைகளை அடைத்து நிறுத்தினார்கள். இந்தப் போராட்டங்களின் முகம் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு. அவர் 1982-ல் உழவர் உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். 1984 இறுதியில் தேர்தல் பிரசாரத்துக்காகப் போன இடத்தில், கோவில்பட்டியில் இறந்தார். அவருக்குப் பிறகு இயக்கம் பல சங்கங்களாகப் பிரிந்தது. பச்சைத் துண்டுகள் குறையவில்லை. ஒரே மேடையில் சேர்வதுதான் குறைந்தது.

பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் 1980-களின் கடைசியில் வந்த திமுக ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் விரிந்தது. அது போராட்டத்தின் பலன்தான், ஆனாலும் விலை என்ற பிரச்சினை அப்படியே இருந்தது. மஞ்சள் பத்து மாதப் பயிர். வெட்டி, வேகவைத்து, காயப்போட்டு, மெருகேற்றி, மூட்டை கட்டி ஈரோட்டு மண்டிக்குக் கொண்டுபோனால், விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை என்று வியாபாரி சொல்வார். அன்றைக்குக் குவிண்டாலுக்கு என்ன எழுதுகிறார்களோ அதுதான். சேமித்து வைத்துப் பார்க்கலாம் என்றால் அடுத்த வருஷம் இன்னும் இறங்கலாம். கடன் கொடுத்தவன் காத்திருக்க மாட்டான்.

மறியல் செய்தாயிற்று, வண்டி ஓட்டியாயிற்று, கட்சியும் நடத்திப் பார்த்தாயிற்று. மீதி இருந்தது மனுத்தாக்கல்.

250 ரூபாய்க் கணக்கு

இந்த யோசனை நடைமுறைக்கு வரக் காரணம் ஒரு பழைய தொகை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், சட்டமன்ற வேட்பாளருக்கு 250 ரூபாயும் மக்களவை வேட்பாளருக்கு 500 ரூபாயும் கட்டுத்தொகை என்று வைத்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. பதிவான செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அந்தப் பணம் அரசுக்குப் போய்விடும். நம் மேடைப் பேச்சாளர்கள் 'டெபாசிட் காலி' என்று கை தட்டல் வாங்குவது இந்த விதியை வைத்துத்தான்.

1951-ல் 250 ரூபாய் லேசான பணமல்ல. ஏறக்குறைய மூன்று பவுன் தங்கம் வாங்கலாம். சும்மா நிற்கிறேன் என்று வருபவனை அந்தத் தொகையே வாசலில் நிறுத்திவிடும். ஆனால் சட்டம் போட்டவர்கள் அந்தத் தொகையை அப்படியே விட்டுவிட்டார்கள். 45 வருஷத்தில் எல்லாம் ஏறியது, டெபாசிட் மட்டும் ஏறவில்லை. 1996-ல் அதே 250 ரூபாய்க்கு அரை கிராம் தங்கம்கூட வராது. ஒரு மூட்டை உரத்தை விட்டுக்கொடுத்தால் ஒரு விவசாயி வேட்பாளராகிவிடலாம்.

எல்லோரும் முழுத்தொகை கட்டியதாக வைத்துக்கொண்டாலும் 1,033 பேருக்கும் சேர்த்து 2,58,250 ரூபாய்தான். ஆறில் ஒரு பங்குக்கு மேல் என்பதால், எப்படிக் கூட்டினாலும் ஒரு தொகுதியில் ஐந்து பேருக்கு மேல் டெபாசிட் மிஞ்ச வழியில்லை. ஆக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பணத்தை இழக்கப்போவது மனுக் கொடுத்த அன்றே தெரிந்த விஷயம். மற்ற வேட்பாளருக்கு அவமானமாக இருக்கும் 'டெபாசிட் போச்சு' என்ற வார்த்தை, இவர்களுக்குச் சந்தாத் தொகை மாதிரி.

அலுவலரின் பக்கம் போய் உட்கார்ந்து பார்க்கலாம். அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஏழாவது நாள் வரை மனு வாங்க வேண்டும். விடுமுறையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் எட்டு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ஆக 32 மணி நேரம். ஆயிரத்து முப்பத்து மூன்று பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. அந்த இரண்டு நிமிடத்துக்குள் மனுவை வாங்கி, வாக்காளர் பட்டியலில் பெயரும் வரிசை எண்ணும் சரியா என்று பார்த்து, உறுதிமொழி எடுக்கவைத்து, பணத்துக்கு ரசீது எழுதி, பரிசீலனை எப்போது என்று சீட்டுத் தரவேண்டும். தமிழ்நாட்டில் சில சுயேச்சைகள் டெபாசிட்டை மூட்டை கட்டிச் சில்லறையாகக் கொண்டுவந்து கொட்டுவது தேர்தல்தோறும் பேப்பரில் வரும் படம். அந்தச் சில்லறையை எண்ணுகிற கிளார்க்கின் முகம் பெரும்பாலும் படத்தில் விழுவதில்லை.

இத்தோடு முடியாது. ஒவ்வொரு வேட்பாளரும் ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு பூத் ஏஜென்டை நியமிக்கலாம் என்கிறது விதி. சாவடி என்பது கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் ஒரு வகுப்பறை. சுவரில் அ, ஆ எழுதிய படம், மூலையில் அடுக்கிய பெஞ்சு. 1,033 பேரும் ஆளுக்கு ஒரு ஏஜென்டை அனுப்பினால் ஓட்டுப் போட வருகிறவர் எங்கே நிற்பது? தேர்தல் முடிந்து முப்பது நாளுக்குள் ஒவ்வொருவரும் செலவுக் கணக்குக் காட்ட வேண்டும். ஆயிரத்து முப்பத்து மூன்று கணக்கு நோட்டுகள்!

புத்தகமான ஓட்டுச்சீட்டு

முதல் பொதுத்தேர்தல் முறை அப்போதும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப்பார்ப்பது சுவாரஸ்யம். 1952-லும் 1957-லும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரஸ் என்றால் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. வாக்காளர் மறைவிடத்துக்குள் போய், தனக்கு வேண்டியவரின் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான்; எதிலும் முத்திரை குத்த வேண்டாம். படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான பேருக்காக யோசித்த எளிமையான ஏற்பாடு. அந்தக் கணக்கில் மொடக்குறிச்சியில் ஒவ்வொரு சாவடிக்கும் 1,033 இரும்புப் பெட்டிகள் தேவைப்பட்டிருக்கும். நல்லவேளையாக 1960-களின் தொடக்கத்திலேயே எல்லாப் பெயரும் ஒரே சீட்டில், ஒரே பெட்டி என்று மாறிவிட்டது.

மொடக்குறிச்சியில் சீட்டு என்ற சொல்லே பொருந்தாமல் போனது. ஓட்டுச்சீட்டைப் புத்தக வடிவில் அச்சிட்டார்கள். வழக்கமான சாவடியில் அலுவலர் சீட்டின் பின்பக்கம் கையெழுத்திட்டு, நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு போட்டுக் காட்டி, முத்திரைக் கட்டையைக் கையில் கொடுப்பார். மறைவிடத்தில் சின்னத்தைத் தேடிக் குத்தி, மடித்து, பெட்டியில் போட அரை நிமிடம் போதும். இங்கே புத்தகத்தைப் புரட்ட வேண்டும். உதயசூரியனோ இரட்டை இலையோ எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வயசானவர்களுக்கு வாசலிலேயே கட்சிக்காரர்கள் பக்க எண் சொல்லிக்கொடுக்கும்படியான நிலை. எண்ணும் மேசையிலும் இதே பாடுதான். மற்ற தொகுதிகளில் சீட்டைப் பிரித்ததும் முத்திரை கண்ணில் படும். இங்கே ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு புத்தகத்தைப் புரட்ட வேண்டும்.

முடிவில் பெரிய ஆச்சரியம் இல்லை. மாநிலம் முழுக்க வீசிய அலைதான் இங்கும் வீசியது. திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். அவருக்கு இது புதுத் தொகுதி அல்ல. 1977-ல் இதே மொடக்குறிச்சியில் அதிமுக சார்பில் ஜெயித்து எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்தவர்.

ஆச்சரியம் பட்டியலின் அடியில் கிடந்தது. 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. 158 பேருக்குத் தலா ஒன்று.

பூஜ்யம் வாங்கிய 88 பேரைப் பார்த்துச் சிரித்தவர்கள் அன்று நிறையப் பேர். தன் ஓட்டையே தனக்குப் போடாதவன் எதற்கு நிற்க வேண்டும் என்ற கேலி. ஆனால் அதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு, இரண்டுமே யோசிக்கத்தக்கவை. சட்டமன்றத்துக்கு நிற்பவர் அந்த மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். நிற்கிற தொகுதியிலேயே ஓட்டு இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்துத் தொகுதியிலிருந்து வந்து நின்ற விவசாயியால், விரும்பினாலும் தனக்கு ஓட்டுப் போட முடியாது. உள்ளூர்க்காரராக இருந்தால், மனுவை எதிர்ப்புக்காகவும் ஓட்டை ஆட்சியை மாற்றவும் என்று பிரித்துப் பயன்படுத்தியிருக்கிறார் என்று அர்த்தம். அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. நல்ல வரவுசெலவு தெரிந்தவரின் வேலையாகத்தான் தெரிகிறது. அந்த 158 பேர் விஷயத்தில்தான் குறும்பு. ஒரே ஓட்டு விழுந்தால், அது அவருடைய ஓட்டா, வேறு யாருடையதா? வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எழாமல் இருந்திருக்குமா?

டெல்லியின் பதில்

அதே 1996-ல் மக்களவைத் தேர்தலிலும் இந்த ஜுரம் இருந்தது. அன்றைய ஆந்திராவின் நல்கொண்டாவில் 480 பேர் நின்றார்கள். அந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. குடித்துக் குடித்துப் பிள்ளைகளுக்குப் பல் பழுப்பேறி, பெரியவர்களுக்கு முதுகெலும்பு வளைந்துபோன கிராமங்கள் அங்கே இருந்தன. தண்ணீரிலிருந்து ஃப்ளோரைடை நீக்கும் ஒரு முறைக்கே 'நல்கொண்டா முறை' என்று பெயர் வைத்திருந்தார்கள். முறைக்குப் பெயர் கிடைத்தது, ஊருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை என்றுதான் ஆட்கள் மனுக் கொடுக்கக் கிளம்பினார்கள். கர்நாடகத்தின் பெல்காமில் எல்லைத் தகராறை முன்வைத்து 456 பேர். நாடு முழுக்க மக்களவைக்கு நின்றவர்கள் 13,952 பேர்.

பதில் வேகமாக வந்தது. தண்ணீருக்கோ மஞ்சள் விலைக்கோ அல்ல, மனுவுக்கு. 1996 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், சட்டமன்ற டெபாசிட்டை 250-லிருந்து 5,000 ஆக்கியது. ஒரே தாவலில் இருபது மடங்கு. மக்களவைக்கு 10,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றானது. ஓட்டுச்சீட்டில் பெயர் வரிசையும் மாறியது: முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அடுத்துப் பதிவு மட்டும் பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒருவர் இரண்டு தொகுதிக்கு மேல் நிற்கக் கூடாது. சுயேச்சை இறந்தால் தேர்தலைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. இந்தக் கடைசி விதிக்குப் பின்னால் கொடூரமான காரணம் உண்டு. தேர்தலை நிறுத்துவதற்காகவே சுயேச்சை வேட்பாளரைக் கொல்வது சில மாநிலங்களில் வழியாகிக்கொண்டிருந்தது.

திருத்தம் பலித்தது. 1998 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர் எண்ணிக்கை 4,750. மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனது. 2009-ல் மறுபடியும் ஏற்றினார்கள். இப்போது சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000. இன்றைய விலையில் மொடக்குறிச்சியைத் திரும்ப நடத்திக்காட்ட ஒரு கோடியே மூன்று லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் வேண்டும். அதோடு ஆளுக்குப் பத்துப் பேர் கையெழுத்து.

அந்தப் பத்துக் கையெழுத்தின் வலிமையைத் தமிழ்நாடு 2017 டிசம்பரில் டிவியில் நேரலையாகப் பார்த்தது. ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் சுயேச்சையாக மனுக் கொடுத்த நடிகர் விஷாலை முன்மொழிந்தவர்களில் இரண்டு பேர், அது தங்கள் கையெழுத்தே இல்லை என்று சொல்ல, மனு தள்ளுபடியானது. தர்ணா, செல்போன் ஆடியோ என்று இரவு வரை நாடகம். அதே தேர்தலில் ஜெயித்தவரும் சுயேச்சைதான் என்பது வேடிக்கை: குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரன். சுயேச்சை என்ற சொல்லுக்குள் எத்தனை வகை மனிதர்களைத் திணிக்கிறோம்! பணமும் படையும் உள்ள கட்சிப் பிரமுகரும் சுயேச்சை, மேட்டூரில் டயர் கடை வைத்துக்கொண்டு 1988-லிருந்து இருநூறு தடவைக்கு மேல் நின்று தோற்ற 'தேர்தல் மன்னன்' பத்மராஜனும் சுயேச்சை, மொடக்குறிச்சி விவசாயியும் சுயேச்சை. சுயேச்சைகள் நிற்பதையே தடைசெய்யலாம் என்று சட்ட ஆணையம் 2015-ல் தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இதுவரை எந்த அரசும் அதைக் கையில் எடுக்கவில்லை.

மஞ்சள் மறுபடியும்

டெபாசிட்டை ஏற்றியதோடு கதை முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு 2019-ல் நிஜாமாபாத் ஒரு அதிர்ச்சி கொடுத்தது. தெலங்கானாவின் அந்த மக்களவைத் தொகுதியில் 185 வேட்பாளர்கள். அதில் நூற்றி எழுபதுக்கும் மேல் விவசாயிகள். பயிர் என்ன தெரியுமா? மஞ்சள்தான், கூடவே சிவப்புச் சோளம். ஈரோட்டைப் போலவே மஞ்சள் மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊர் அது. மஞ்சளுக்குத் தனி வாரியம் வேண்டும், கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்பதுதான் கோரிக்கை. இந்தத் தடவை தலைக்கு 25,000 ரூபாய். மஞ்சள் விற்காத வருஷத்தில் அந்தப் பணத்தைத் திரட்டியிருக்கிறார்கள்.

தமிழகத்தில் 2001 சட்டமன்றத் தேர்தலிலிருந்தே எல்லாத் தொகுதியிலும் ஓட்டு மெஷின் வந்துவிட்டது. புத்தகச் சீட்டுக்கு இனி வேலை இல்லை என்று நாம் நினைத்திருந்தோம். ஆனால் மெஷினுக்கும் எல்லை உண்டு. ஒரு பேலட் யூனிட்டில் 16 பொத்தான்கள். பழைய ரகத்தில் நான்கு யூனிட்டுக்கு மேல் கோக்க முடியாது, ஆக 64. நிஜாமாபாத்தில் காகிதத்துக்கே திரும்பலாமா என்ற பேச்சு எழுந்தது. கடைசியில் 24 யூனிட் வரை கோக்கக்கூடிய 'எம்-3' ரகத்தைக் கொண்டுவந்தார்கள். 185 பேரும் ஒரு நோட்டாவும் சேர்ந்து 186. சாவடிக்குப் பன்னிரண்டு யூனிட். ஓட்டுப் போடுகிறவர் மெஷின் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து தன் சின்னத்தைத் தேட வேண்டியிருந்தது. ஏப்ரல் 11 அன்று சொன்னபடி தேர்தல் நடந்தது. ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. மொடக்குறிச்சியிடமிருந்து தேர்தல் ஆணையம் கற்ற பாடம் அதுதான்.

தோற்றவர் அப்போதைய எம்.பி. கவிதா, அன்றைய முதலமைச்சர் சந்திரசேகர ராவின் மகள். வித்தியாசம் சுமார் 70 ஆயிரம் ஓட்டு. ஜெயித்தவர் பாஜகவின் தர்மபுரி அர்விந்த். மஞ்சள் வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர். பத்திரத்தாளை நம்பியவர்கள் நான்கு வருஷம் காத்திருந்தார்கள். 2023 அக்டோபரில் பிரதமர் வாரியத்தை அறிவித்தார். 2025 ஜனவரி 14 அன்று நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு வாரியம் தொடங்கிவைக்கப்பட்டது. பொங்கல் பானைக் கழுத்தில் நம் வீடுகளில் மஞ்சள் கொத்துக் கட்டிய அதே நாள்.

நிஜாமாபாத் விவசாயிகளில் சிலர் அந்தத் தேர்தலிலேயே வாரணாசி வரை போய்ப் பிரதமருக்கு எதிராக மனுக் கொடுக்க முயன்றார்கள். அதற்கு முன்பே திருச்சி விவசாயச் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு, தமிழக விவசாயிகள் 111 பேர் வாரணாசியில் நிற்பார்கள் என்று அறிவித்திருந்தார். பிறகு அமித் ஷாவைச் சந்தித்துப் பேசியதும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். மனுவைக் கொடுத்துக் காரியம் சாதிப்பது ஒரு வகை, கொடுப்பேன் என்று சொல்லியே பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வாங்குவது இன்னொரு வகை.

இப்போது தமிழ்நாட்டில் நீளமான வேட்பாளர் பட்டியலைப் பார்த்தால் விவசாயக் கோபம் என்று யாரும் நினைப்பதில்லை. 2021-ல் கரூரில் 77 பேர், 2023 இடைத்தேர்தலில் ஈரோடு கிழக்கிலும் 77 பேர். இரண்டுக்கும் ஐந்து யூனிட். 2024-ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். எங்கிருந்தோ தேடிப்பிடித்து வந்த பெயர்கள். 1996-ல் ஆட்களைக் குவித்துச் சொன்ன செய்தி ஒன்று, இங்கே ஆட்களைக் குவித்துச் செய்வது வேறொன்று.

கோபத்துக்கு வேறு கதவுகளும் திறந்திருக்கின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2013-ல் நோட்டா வந்தது. அடுத்த ஆண்டே மக்களவைத் தேர்தலில் நீலகிரியில் 46,559 பேர் அந்தப் பொத்தானை அமுக்கினார்கள்; பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடியானதும் அதற்கு ஒரு காரணம். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் கொடுக்க மறுக்கும் ஏகனாபுரம் மக்கள் 2024-ல் தேர்தலையே புறக்கணித்தார்கள். சாவடி திறந்திருந்தது, ஊர் வரவில்லை. கறுப்புக்கொடி கட்டியதும் தாசில்தார் ஜீப் வந்து நிற்பது கிராமங்களில் இன்று பழக்கமான காட்சி. செலவில்லாத வழி அது. டெபாசிட் கிடையாது, பத்துக் கையெழுத்தும் வேண்டாம்.

மொடக்குறிச்சி இப்போது மற்ற தொகுதிகளைப் போலத்தான் ஓட்டுப் போடுகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் சுப்புலட்சுமி ஜெகதீசன் மறுபடி அங்கே திமுக வேட்பாளராக நின்றார். எதிரே பாஜகவின் டாக்டர் சரஸ்வதி. சுற்றுக்குச் சுற்று முன்னே பின்னே என்று இழுபறி. கடைசியில் சரஸ்வதி ஜெயித்தார், 281 ஓட்டு வித்தியாசத்தில். கால் நூற்றாண்டுக்கு முன் அதே தொகுதியில் ஓட்டே விழாதவர்களும் ஒரே ஓட்டு விழுந்தவர்களுமாக இருந்த வேட்பாளர்கள் மட்டும் 246 பேர்.